காரணம் தெரியாத கண் பக்கவாதமும் இதயப் பரிசோதனைகளும்

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைபட்டு ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை போவதே கண் பக்கவாதம். வலி இருக்காது, கண் சிவக்காது, நீர் வடியாது. இரவில் நன்றாக இருந்த கண் காலையில் இருண்டு கிடக்கும். மறு கண் நன்றாகத் தெரிவதால், அதைக் கையால் மூடிப் பார்க்கும்வரை சிலருக்கு விஷயமே புரியாது. மையத் தமனி அடைபட்டால் அந்தக் கண்ணின் பார்வை ஏறக்குறைய முழுதும் போகும். கிளைத் தமனி அடைபட்டால் மேல்பாதி அல்லது கீழ்ப்பாதி மட்டும் மறையும். மையத் தமனி அடைப்பு ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருவதாக மேலைநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. அரிதான நோய்தான், ஆனால் அது விடுக்கும் எச்சரிக்கை பெரிது.

விழித்திரை கருவில் மூளையிலிருந்தே உருவாகிறது. அதற்கு ரத்தம் கொடுக்கும் தமனியும், மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனியின் கிளைதான். ஆகவே கண்ணுக்கு வந்த ரத்தக்கட்டி, சற்றே வழி மாறியிருந்தால் மூளைக்குப் போயிருக்கும். அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்கப் பக்கவாதச் சங்கமும் 2013இல் வெளியிட்ட வரையறை, விழித்திரைச் செல்கள் ரத்தமின்றி இறப்பதையும் பக்கவாதத்தில் சேர்த்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, மையத் தமனி அடைப்பு வந்தவரை உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்றது. அடுத்த சில நாட்களிலும் வாரங்களிலும்தான் மூளைப் பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். கண் பக்கவாதம் வந்தவுடன் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், வேறு அறிகுறியே இல்லாத சிலருக்கு மூளையிலும் புதிய சிறு பாதிப்புகள் இருந்தன.

இதயத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் உருவாக்கினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1859இல், ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே இந்த அடைப்பை முதன்முதலில் விவரித்தார். அவருடைய நோயாளிக்கு இதய உள்ளுறையில் தொற்று இருந்தது. அங்கிருந்து கிளம்பிய துணுக்குதான் கண் தமனியை அடைத்திருந்தது.

மற்ற பார்வை இழப்புகளிலிருந்து வேறுபாடு

திடீரெனப் பார்வை மங்கும் எல்லோருக்கும் இதயப் பரிசோதனை தேவைப்படாது. விழித்திரையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரையில் அடைப்பு ஏற்படுவது, தமனி அடைப்பைவிட அதிகம் காணப்படுகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் நீர் அழுத்தம் ஆகியவை அதன் முக்கியக் காரணங்கள். அடைப்பு அந்த இடத்திலேயே உருவாவதால், இதயத்தில் ரத்தக்கட்டியைத் தேடிப் பயன் இல்லை. கண்ணின் உட்புறத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். சிரை அடைப்பில் விழித்திரை எங்கும் ரத்தக் கசிவு சிதறிக் கிடக்கும். தமனி அடைப்பில் விழித்திரை வெளிறிப்போய், நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அந்த இடத்தில் விழித்திரை மெல்லியது என்பதால் அதன் பின்னுள்ள ரத்தப் படலத்தின் நிறம் வெளித்தெரிகிறது. பார்வை நரம்பின் முனையில் ரத்த ஓட்டம் குறைவது இன்னொரு வகை. அதிலும் இதயத்திலிருந்து வரும் கட்டி காரணமாவது அபூர்வம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்னொரு வேறுபாட்டையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் பார்வை நரம்பைக் கெடுக்கும். வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல் ஆகியவற்றோடு இரண்டு கண்ணும் மங்கும். கண் பக்கவாதமோ பெரும்பாலும் ஒரு கண்ணில், வேறு உபாதை ஏதும் இல்லாமல் வரும். இரண்டுமே அவசர நிலைதான். சிகிச்சை மட்டும் முற்றிலும் வேறு.

முதல் சில மணி நேரம்

ரத்தமின்றி விழித்திரை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய இந்திய வம்சாவளிக் கண் மருத்துவர் சோஹன் சிங் ஹேரே குரங்குகளிடம் ஆராய்ந்தார். 97 நிமிடம்வரை அடைப்பைத் தாங்கிய விழித்திரை, 240 நிமிடம் கடந்தபோது மீளமுடியாத அளவுக்குக் கெட்டிருந்தது. மனித விழித்திரை அவ்வளவு நேரமும் தாங்காது என்று கருதுவோரும் உண்டு. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடுவது சில பெரிய மருத்துவமனைகளில் பரிசீலிக்கப்படுகிறது. ஆனால் அதன் பலன் உறுதியாக நிறுவப்படவில்லை. கண் தமனிக்குள்ளேயே குழாய் செலுத்தி மருந்து விட்டுப் பார்த்து, 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு பலனைவிடப் பக்கவிளைவையே அதிகம் காட்டியது. கண்ணை அழுத்தித் தேய்ப்பது, பையில் மூச்சு விடுவது போன்ற பழைய முறைகளும் நிரூபிக்கப்பட்டவை அல்ல.

போன பார்வை பெரும்பாலோருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. பிறகு செய்யப்படும் பரிசோதனைகள் எல்லாம் மறு கண்ணையும் மூளையையும் காப்பாற்றுவதற்காக. இது தெரியாத குடும்பத்தார், பார்வைதான் போய்விட்டதே, இனி எதற்கு இதயத்துக்கு ஸ்கேன் என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சில நிமிடம் மட்டும் ஒரு கண் இருண்டு, பிறகு தானாகத் தெளிந்தவருக்கும் இதே பரிசோதனைகள் இதே அவசரத்தோடு தேவை.

முதல் சுற்றுப் பரிசோதனைகள்

ஐம்பது வயதைக் கடந்தவரிடம் முதலில் விலக்க வேண்டியது தமனி அழற்சி. புதிதாக வந்த தலைவலி, சீப்பு பட்டாலே வலிக்கும் உச்சந்தலை, மெல்லும்போது தாடை வலி ஆகியவை அதன் அடையாளங்கள். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் அன்றே வேண்டும். சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்கப்படும். தாமதித்தால் மறு கண்ணும் போகும். இந்தியர்களிடம் இந்நோய் குறைவு என்றாலும் விலக்காமல் விடக் கூடாது.

அடுத்தது கழுத்துத் தமனியின் டாப்ளர் ஸ்கேன். கண் பக்கவாதத்துக்கு மிக அதிகமாகக் காரணமாவது இந்தத் தமனியில் படிந்த கொழுப்புதான். பாதிக்கப்பட்ட கண் இருக்கும் பக்கத்திலேயே தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால், இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது பெரும்பலன் தரும். இவற்றோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஒரு இ.சி.ஜி., ஒலி அலையால் மார்பின் மேலிருந்து இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ, மூளை எம்.ஆர்.ஐ. ஆகியவை சேர்ந்ததே முதல் சுற்று.

கண் மருத்துவர் தமனிக்குள் துணுக்கையே நேரில் பார்ப்பதும் உண்டு. மின்னும் மஞ்சள் துணுக்கு என்றால் கொழுப்பு; பெரும்பாலும் கழுத்துத் தமனியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ராபர்ட் ஹாலன்ஹார்ஸ்ட் 1961இல் இதை விவரித்தார். சுண்ணாம்பு போல் வெளுத்த, மின்னாத துணுக்கு என்றால் கால்சியம். இதய வால்வைச் சந்தேகிக்க வேண்டும். கண் மருத்துவரின் குறிப்பில் இந்த ஒரு வரி இருந்தால் இதய மருத்துவரின் தேடல் பாதி சுருங்கிவிடும்.

இத்தனையும் சரியாக இருக்கும்போதுதான் கோப்பில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதப்படுகிறது. இதுவரை பார்த்த இடங்களில் இல்லை என்பதே அதன் பொருள். பார்க்காத இடங்களில் பெரும்பாலானவை இதயத்தில்தான் இருக்கின்றன.

இதயத் துடிப்பில் தேடல்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நிலை. அப்போது இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி வெளியேறினால் மூளைக்கோ கண்ணுக்கோ போய்ச் சேரும். எப்போதும் இந்த நடுக்கம் உள்ளவரிடம் மணிக்கட்டில் நாடி பிடித்தாலே தெரியும்: ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி முறையின்றி மாறும். சிக்கல், வந்து வந்து போகும் வகையில்தான். சாதாரண இ.சி.ஜி. பத்து வினாடியைத்தான் பதிவு செய்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வந்துபோகும் நடுக்கம் அதில் சிக்க வாய்ப்பில்லை.

ஆகவே அடுத்த படி ஹோல்டர். மார்பில் சில ஒட்டிகளும் இடுப்பில் ஒரு சிறு பெட்டியுமாக 24 அல்லது 48 மணி நேரம் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்வது அது. கருவி மாட்டியிருக்கும்போது குளிக்கக் கூடாது. வேர்வையில் ஒட்டி கழன்றால் பதிவு அறுந்துவிடும். மற்றபடி நடப்பது, மேடு ஏறுவது, மரவள்ளிக் காட்டில் களை எடுப்பது என வழக்கமான வேலையைச் செய்வதே நல்லது. படபடப்போ தலைசுற்றலோ வந்த நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு வீட்டில் ஒருவர் குறித்துக் கொடுக்கலாம். ஹோல்டர் சரியாக இருந்தும் சந்தேகம் நீங்கவில்லை என்றால், இரண்டு முதல் நான்கு வாரம் அணியும் பதிவுக் கருவி. அதற்கும் மேலே, மார்புத் தோலுக்கு அடியில் பொருத்தி மூன்று ஆண்டுவரை விட்டுவைக்கும் சிறு கருவி.

நீண்ட நேரம் பார்ப்பதால் உண்மையிலேயே அதிகம் அகப்படுகிறதா? மூளைப் பக்கவாதம் வந்து காரணம் தெரியாதவர்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் 2014இல் வெளியாயின. கனடாவில் நடந்த எம்பிரேஸ் ஆய்வில், 55 வயதைக் கடந்தோரிடம் 30 நாள் பதிவு 16.1 சதவீதம் பேரிடம் இந்த நடுக்கத்தைக் கண்டது. மறுபடியும் ஒரு 24 மணி நேர ஹோல்டர் வைத்தவர்களில் 3.2 சதவீதம் பேரிடம்தான் அது தெரிந்தது. கிரிஸ்டல் ஏ.எஃப். ஆய்வில், தோலுக்கடியில் கருவி பொருத்தியவர்களில் ஆறு மாதத்தில் 8.9 சதவீதம் பேருக்கும், மூன்று ஆண்டில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கும் அது வெளிப்பட்டது. வழக்கமான முறையில் பார்க்கப்பட்டவர்களிடம் மூன்று ஆண்டில் 3 சதவீதம்தான். வயது கூடியவர், எக்கோவில் இடது மேலறை பெருத்தவர், இ.சி.ஜி.யில் அடிக்கடி கூடுதல் துடிப்பு காட்டுபவர் ஆகியோரிடம் இந்தத் தேடல் பலன் தரும் வாய்ப்பு அதிகம். துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் எச்சரிக்கை கொடுத்தால் அதைப் புறக்கணிக்க வேண்டாம். ஆனால் மருத்துவர் இ.சி.ஜி.யில் உறுதி செய்யாமல் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

வால்விலும் அறைகளிலும் தேடல்

இந்தியாவில் மேலைநாட்டுப் பாடநூலை அப்படியே பின்பற்ற முடியாத இடம் இது. பள்ளி வயதில் வந்த தொண்டை வலி சரியாகக் கவனிக்கப்படாமல் வாத ஜுரமாக மாறி, மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. பல ஆண்டு கழித்து, முப்பதிலோ நாற்பதிலோ, மூச்சு வாங்குதலாகவோ பிரசவ நேரச் சிக்கலாகவோ அது வெளிப்படும். சிலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதம்தான். மார்பின் மேலிருந்து எடுக்கும் சாதாரண எக்கோவே இதைக் காட்டிவிடும். சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா, 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுப் பாதியில் நிறுத்தியதுண்டா என்ற கேள்விகளைக் கேட்காமல் எந்தக் கோப்பும் முழுமையடையாது.

மேலிருந்து எடுக்கும் எக்கோவில் தெளிவாகத் தெரியாத இடங்கள் உண்டு: இடது மேலறையின் சிறு பை, பெருந்தமனியின் வளைவு, வால்வின் மீது ஒட்டிய சின்னஞ்சிறு கட்டிகள். அவற்றைப் பார்க்க உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுக்கப்படுகிறது. ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லி, தொண்டையை மரத்துப்போகச் செய்து, லேசான மயக்கத்தில் விரல் பருமனுள்ள குழாயை விழுங்கவைப்பார்கள். உணவுக்குழாய் இதயத்தின் பின்புறத்தை ஒட்டி இறங்குவதால் படம் மிகத் தெளிவாகக் கிடைக்கும். விடாத காய்ச்சலோடு வந்தவரிடம் வால்வுத் தொற்றையும், இளம் வயதினரிடம் மேலறையில் வளரும் மிக்ஸோமா என்ற கட்டியையும் இது உறுதிசெய்யும். இவற்றில் எதைக் கண்டுபிடித்தாலும் சிகிச்சையே மாறிவிடும்.

மேலறைச் சுவரில் திறப்பு

கருவில் இருக்கும்போது இரண்டு மேலறைகளுக்கும் நடுவே ஒரு திறப்பு உண்டு. பிறந்த பிறகு அது மூடிக்கொள்ளும். பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் இந்த வழியே இடப்பக்கம் தாண்டி மூளைக்கோ கண்ணுக்கோ போகலாம்.

இதைக் காணக் குமிழிப் பரிசோதனை செய்கிறார்கள். உப்புநீரோடு மிகச் சிறிதளவு காற்றைச் சேர்த்து, இரண்டு ஊசிக்குழல்களுக்கு இடையே வேகமாகத் தள்ளி நுரைக்கவைத்து, கைச் சிரையில் செலுத்துவார்கள். எக்கோத் திரையில் வலப்பக்க அறைகள் வெள்ளைப் புள்ளிகளால் நிரம்பும். நோயாளியை முக்கச் சொல்லி விடுவிக்கும்போது, மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் புள்ளிகள் தோன்றினால் திறப்பு இருக்கிறது என்று பொருள்.

இருக்கிறது என்பதாலேயே அதுதான் காரணம் என்றாகிவிடாது. நான்கில் ஒருவருக்கு இருப்பதைக் குற்றவாளி என்று சொல்ல மற்ற காரணங்கள் எல்லாம் விலகியிருக்க வேண்டும். 60 வயதுக்கு உட்பட்டு, திறப்பு பெரிதாகவோ சுவர் தொளதொளப்பாகவோ உள்ளவர்களுக்கு, அதை மூடுவது மறு பக்கவாதத்தைக் குறைக்கிறது என்று 2017இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இந்த வயதினரிடம் ரத்தம் எளிதில் உறையும் தன்மைக்கான பரிசோதனைகளும் தேவை. அரிவாள் செல் நோயும் விழித்திரைத் தமனியை அடைக்கக்கூடியது. இந்தியாவில் அது 1952இல் முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான்.

கண்டுபிடித்தால் என்ன மாறும்

தேடாமலேயே எல்லோருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்தார்கள். காரணம் தெரியாத மூளைப் பக்கவாதத்தில் ரிவராக்ஸபானை 2018இலும், டபிகட்ரானை 2019இலும் ஆஸ்பிரினோடு ஒப்பிட்ட ஆய்வுகள் வெளியாயின. இரண்டுமே ஆஸ்பிரினைவிடப் பக்கவாதத்தைக் கணிசமாகக் குறைக்கவில்லை. ரிவராக்ஸபான் எடுத்தவர்களிடம் ரத்தக்கசிவு கூடியது. ஆக, காரணம் தெரியாதவரை ஆஸ்பிரின் வகை மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவைதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைக்கு மாற வேண்டும்.

எந்த மாத்திரை என்பதையும் எக்கோதான் தீர்மானிக்கிறது. 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு, வாத ஜுரத்தால் வால்வு கெட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர்களிடம் ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகைப் பழைய மருந்தே மேலானது என்று காட்டியது. அதை எடுத்தவர்களிடம் பக்கவாதமும் இறப்பும் குறைவாக இருந்தன. அந்த மருந்துக்கு, ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை தவறாமல் வேண்டும். பொதுவாக அளவு 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும். கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையும், மருத்துவரிடம் சொல்லாமல் குடிக்கும் கஷாயமும் அந்த அளவைக் குலைத்துவிடும், ரத்தக்கசிவையும் கொண்டுவரும்.

எங்கே நிறுத்துவது

பரிசோதனைக்கும் எல்லை உண்டு. முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறாது என்றால் அந்தப் பரிசோதனை தேவையில்லை. அடிக்கடி ரத்தக்கசிவு ஏற்படும் மிக முதிய ஒருவருக்கு, உறைவைத் தடுக்கும் மருந்தே கொடுக்க இயலாது என்று தெரிந்த பிறகு, தோலுக்கடியில் கருவி பொருத்துவதில் அர்த்தமில்லை. ஆண்டுகள் கழித்துச் சில நிமிடம் மட்டும் பதிவான நடுக்கம், பழைய கண் பக்கவாதத்துக்குக் காரணமாகத்தான் இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கு மருந்து தருவதா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மறுபுறம், இதயத்தைத் தேடும் மும்முரத்தில் கண்ணை மறந்துவிடவும் கூடாது. அடைப்பு வந்த சில வாரங்களில் கண்ணில் தேவையற்ற புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து நீர் அழுத்தத்தைக் கூட்டலாம். ஆகவே முதல் சில மாதம் கண் மருத்துவரை விடாமல் பார்க்க வேண்டும்.

வெள்ளிமலையிலிருந்து செல்லும் வழி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் இருப்பவர், இந்தப் பரிசோதனைகளுக்கு வெள்ளிமலையிலிருந்து கரியாலூர், கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். மேற்கே கருமந்துறை வழியாகச் சேலம் பக்கம் போகலாம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் ஒன்று. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை அடுத்த கட்ட இடங்கள்.

மலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் கூலி, பேருந்துச் செலவு, துணைக்கு ஓர் ஆள். அதனால் பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துத் திட்டமிடுவதே முறை: டாப்ளர், எக்கோ, ரத்தப் பரிசோதனைகளை ஒரே வருகையில் முடித்து, அன்றே ஹோல்டரை மாட்டி அனுப்பினால், அதைத் திருப்பிக் கொடுக்க வரும் நாளே மருத்துவரைப் பார்க்கும் நாளாகவும் ஆகும். மலையிலேயே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. நாடி பிடித்துப் பார்ப்பதற்கும், ரத்த அழுத்தம் அளப்பதற்கும் கீழே இறங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதைக் கொண்டுவரும் பணியாளர் அழுத்தம் பார்க்கும்போதே அரை நிமிடம் நாடியையும் பிடித்துப் பார்த்து, ஒழுங்கற்றது என்றால் இ.சி.ஜி.க்கு அனுப்பலாம்.

ஒரு கண்ணில் திடீரென இருள் விழுந்தால், வலி இல்லை என்று விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். பார்வை போன நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். வீடு திரும்பும்போது கண் மருத்துவரின் குறிப்பு, இ.சி.ஜி. தாள், எக்கோ, டாப்ளர் அறிக்கைகள் அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்பில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இதயத் துடிப்பை எத்தனை மணி நேரம் பதிவு செய்தார்கள்? எக்கோவில் வால்வும் இடது மேலறையும் எப்படி இருந்தன? அடுத்து எந்தப் பரிசோதனை, எந்தத் தேதியில்? மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை தேடல் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.